இன்னொரு நூறு அடி

வேலூர் கிளையில் அன்று ஏ.சி. ஓடவில்லை.
என் திட்ட அறிக்கையாலேயே விசிறிக்கொண்டு
மேலாளர் பிரமிளா கேட்டார்:
"இந்த ஏ.ஐ. எல்லாம் நீர்க்குமிழி, உடையப் போகுதுன்னு
பேப்பர்ல தினமும் போடறான்.
உங்களுக்கு எதுக்கு கோதண்டன் இப்போ ரெண்டாவது மெஷின்?"

நான் தகடு வளைப்பவன்.
ராணிப்பேட்டை சிப்காட், பின்வரிசை ஷெட்.
ஆளுயர இரும்பு அலமாரி, கறுப்புப் பூச்சு,
நாற்பத்திரண்டு அடுக்கு.
எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில்
வரிசையாக நின்று யோசிக்குமாம்.
நான் பார்த்ததில்லை.
ஷெட்டுக்குள் நாற்பத்து மூன்று டிகிரி.
குளிரில் நிற்கப் போவதை
வியர்வை சொட்டச் சொட்ட அடிக்கிறோம்.

போன வருஷம் மாதம் அறுபது.
இப்போது நானூறு.
வாங்கும் கம்பெனி ஜாகிரிடம் நானும் கேட்டேன்,
எதுக்குப்பா இத்தனை?
"நாம நிறுத்தினா அவன் நிறுத்துவானா சார்" என்றான்.
எந்த அவன் என்று
அவனுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.
அணைக்கட்டில் மூன்று ஏக்கர் இருந்தது.
எழுநூறு அடியில் வெள்ளை மாவுதான் வந்தது,
தலைமயிர், புருவம், வேப்பமரம் எல்லாம் மாவு.
ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும்.
ரிக் லாரி தண்டபாணி எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினான்:
"இன்னொரு நூறு?"
நிறுத்தினால் இறங்கிய எழுநூறும் வெறும் ஓட்டை.
அதுகூடப் பரவாயில்லை.
வரப்புக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம்
ஆயிரத்துக்கு ஆள் பேசியிருந்தான்.
அவன் ஆழத்துக்கு இறங்கினால்
என் நிலத்தடி நீரும் அவன் நீர்.
போடு, என்றேன்.
தண்ணீருக்காகச் சொன்னதில்லை அது.

அமெரிக்காவில் ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்கிறார்கள்.
சைபர்கள்தான் வேறு.
வரப்பு அதேதான்.

இன்னொன்றும் படித்தேன்.
சிப் விற்பவன், வாங்குகிறவனிடமே பணம் போடுகிறானாம்.
அந்தப் பணத்தில் இவன் சிப் வாங்குகிறான்.
குடியாத்தத்தில் மைத்துனன் வீட்டுக் காதுகுத்துக்கு
ஐயாயிரத்தொன்று மொய் வைத்தேன்.
ஆறு மாதத்தில் என் வீட்டு மஞ்சள் நீராட்டில்
அதே ஐயாயிரத்தொன்று.
இரண்டு நோட்டிலும் வரவு.
பந்தியில் வெந்த சோறு மட்டும்
நிஜமாகச் செலவானது.
(அந்தச் சோறு, மேடம், மின்சாரம். தண்ணீர்.)

இதையெல்லாம் பிரமிளாவிடம் சொல்லவில்லை.
"நான் விவசாயி இல்லை மேடம், ரிக் லாரி.
தண்ணி வந்தாலும் வராட்டியும்
லாரிக்குக் காசு" என்றேன்.
சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு ஆயிரத்து நாற்பதில் ஈரமண் வந்தது,
தண்ணீர் வரவில்லை.
ஏகாம்பரத்துக்கு ஒன்றரை இஞ்ச்,
இரண்டு கோடை ஓடியது.
தண்டபாணி அந்தக் காசில் இன்னொரு ரிக் எடுத்தான், தவணையில்.
அது இப்போது சத்துவாச்சாரி பைபாஸ் ஓரம்
பைனான்ஸ்காரன் நோட்டீஸ் ஒட்டி நிற்கிறது.
டயரைச் சுற்றிக் கோரை முளைத்துவிட்டது.
வரும் வழியில் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"காலாண்டு முடியுது. எனக்கும் டார்கெட் இருக்கு"
என்று அவர் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.
ஏழு இடத்தில் கையெழுத்து.
ஆறாவதில் பேனா நின்றது.
மை தீர்ந்துதான்.
வேறு பேனா கொடுத்தார்.

வண்டி சீட் சுட்டது.
பாலாற்றுப் பாலம் ஏறும்போது ஜாகிர் அழைத்தான்.
ஓரம் கட்டினேன்.
கீழே மணலில் பையன்கள் கிரிக்கெட்.
"சார், நானூறு இல்ல..."
என்னப்பா?
"நானூறு இல்ல சார், மேல இருந்து..."
டவர் போய்விட்டது.
கூட்டினார்களா, குறைத்தார்களா?
வண்டியைத் தள்ளிக்கொண்டே
பாலம் முடியும்வரை
ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தேன்.